கல் நிற்கிறது, கால் தூர்ந்துவிட்டது: பங்குனியில் ஒரு சிற்றாற்றுப் பயணம்

குற்றாலத்துக்குப் பங்குனியில் யாரும் போவதில்லை. சாரல் கிடையாது, குளியல் கிடையாது. ஆனி ஆடியில் கால் வைக்க இடமில்லாத சன்னதித் தெருவில் எண்ணெய்க் கடைக்காரர்கள் உட்கார்ந்து தாயம் ஆடிக்கொண்டிருப்பார்கள். பேரருவி நூல் மாதிரி ஒழுகும். ஆனால் பழைய கல்லைப் பார்க்க வேண்டும் என்றால் இந்த மாதம்தான் சரி. தண்ணீர் மூடி வைத்திருக்கும் பலதும் அப்போதுதான் வெளியே தெரியும்.

எங்களுக்கும் வேறு மாதம் தோதுப்படாது. பிசானம் அறுத்து, வைக்கோல் படப்பு போட்டு, உளுந்தும் விதைத்தாச்சு என்றால் ஒரு பத்து நாள் கை காலியாக இருக்கும். இயற்கை வேளாண்மைக் கூட்டத்தில் பழகிய நாங்கள் நாலு பேர் ரெண்டு நாள் சுற்றி வரலாம் என்று கிளம்பினோம். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், இப்போது எலுமிச்சை வைத்திருக்கிறார். ஒருவர் கடையத்துக்காரர். இன்னொருவர் இலஞ்சிப் பக்கம் ரெண்டு ஏக்கர் நஞ்சை வைத்திருக்கிறவர். அந்த ரெண்டு ஏக்கர்தான் இந்தப் பயணம் முழுக்க எங்களோடு கூடவே வந்தது.

விசயம் இதுதான். அவர் வயல் ரோட்டை ஒட்டி இருக்கிறது. பிளாட் போடுகிறவர்கள் வந்து விலை சொல்லிப் போயிருக்கிறார்கள். சித்திரை பிறந்ததும் பதில் சொல்கிறேன் என்று இவர் தவணை வாங்கியிருக்கிறார். மகளுக்குக் கல்யாணம் பார்க்கிற நேரம். ரெண்டு பூவும் நெல் போட்டுக் கூட்டிக் கழித்தால் கையில் என்ன நிற்கும் என்பது வாசிக்கிற உங்களுக்கே தெரியும். ‘விக்காதீரும்’ என்று சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

பேரருவிக்குக் காலையில் போனோம். தண்ணீர் வற்றிய பாறையில் சின்னச் சின்ன லிங்கங்களாகச் செதுக்கி வைத்திருப்பதைப் பார்க்கலாம். ஒன்றிரண்டு இல்லை, எட்டுகிற இடம், எட்டாத இடம் என்று பாறை நெடுக. சீசனில் இதன் மேல்தான் தண்ணீர் இடிந்து விழும். எத்தனையோ நூறு வருசத் தண்ணீர் அடித்தும் பல லிங்கங்களுக்கு இன்னும் மூக்கும் முழியும் இருக்கிறது. வருசத்தில் பாதி நாள் யார் கண்ணுக்கும் படாத இடத்தில் போய் ஒருவன் உளி வைத்திருக்கிறான். அவனும் எங்களைப் போலத் தண்ணீர் இல்லாத மாதத்தில்தான் வந்திருப்பான்.

குற்றாலநாதர் கோயிலைச் சங்கு வடிவக் கோயில் என்பார்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிய விசயம் அங்கே இருக்கிற பலா. தல மரம் குறும்பலா. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் குற்றாலத்துக்கு ஒரு பதிகம் பாடிவிட்டு, அந்தக் குறும்பலாவுக்கு என்றே தனியாக இன்னொரு பதிகம் பாடியிருக்கிறார். ஒரு மரத்துக்குத் தனிப் பதிகம் என்பது சாதாரணம் இல்லை. இன்றைக்கு நாம் நாட்டுப் பலாக் கன்று தேடி அலைகிறோம். ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு முந்தியே அதைச் சாமி என்று கும்பிட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

சித்திரசபைக்கும் போனோம். நடராசருக்குச் சொல்லப்படும் ஐந்து சபைகளில் இங்கேதான் அவர் சிலையாக இல்லாமல் ஓவியமாக இருக்கிறார். சுவரெல்லாம் படம், கூரைக்கு மரவேலை, எதிரே தெப்பக்குளம். கடையத்துக்காரர் ஓவியத்தை ஒரு நிமிசம் பார்த்தார், மரத்தை அரை மணி நேரம் பார்த்தார். இந்தக் கனத்தில் மரம் இறங்கிய மலை இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று அவருக்குக் கவலை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் இந்த மலையடிவாரத்தில் சாதிக்காயும் கிராம்பும் பட்டையும் தோட்டம் போட்டான். அதற்குப் பிறகு மலை பழையபடி இல்லை என்பது அவர் கட்சி. அதைப் பேச ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது.

மேலகரம் வழியாகத் திரும்பும்போது ஆசிரியர் ஒரு செய்தி சொன்னார். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் மேலகரத்துக்காரர். பாட்டைக் கேட்ட மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் ‘குறவஞ்சி மேடு’ என்று பெயர். பாட்டுக்குக் கூலி நிலம். நிலத்துக்குப் பெயர் பாட்டு.

“என் வயலுக்கும் ஒரு பேரு இருக்கு, ‘மடையடிச் செய்’ன்னு. பிளாட்டு போட்டாம்னா ஏதோ நகருன்னு வைப்பான்” என்றார் இலஞ்சிக்காரர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

தென்காசிக் கோபுரம்

தென்காசி ஊரே ஒரு கோயிலைச் சுற்றி வந்ததுதான். காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கியது சடையவர்மன் பராக்கிரம பாண்டியன், 1446-இல். மதுரை கை நழுவிப் போன பிறகு தெற்கே ஒதுங்கி வந்த பாண்டியர் கிளை இது. கோபுர வேலையை 1456 வாக்கில் தொடங்கினான், அதை முடிக்கும் முன் 1463-இல் இறந்துபோனான். மிச்ச வேலையைத் தம்பி குலசேகர பாண்டியன் முடித்தான். இன்று நாம் பார்க்கிற கோபுரம் அது இல்லை. பழைய கோபுரம் தீயில் சேதப்பட்டுப் பிளந்து, பல பத்தாண்டு மொட்டைக் கோபுரமாக நின்றது. எங்கள் வயதுக்காரர்களுக்குச் சின்ன வயசில் தென்காசி என்றால் அந்த மொட்டைக் கோபுரம்தான். 1990-இல்தான் ஒன்பது நிலையோடு, ஏறத்தாழ 180 அடி உயரத்துக்கு அது மறுபடி எழுந்தது.

இந்தக் கோயிலில் எனக்குப் பிடித்தது கோபுரம் இல்லை, கல்வெட்டு. பராக்கிரம பாண்டியன் பெயரில் தமிழ்ச் செய்யுள்களே கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. அதில் ஒன்றின் கருத்தை ஆசிரியர் எங்களுக்கு எடுத்துச் சொன்னார். இந்தக் கோயிலுக்குப் பின்னால் ஏதாவது குறை நேர்ந்தால், அதைச் சரிசெய்து காப்பாற்றுகிறவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் காலில் நான் இப்போதே விழுகிறேன் என்கிறான் ராசா. ஊரூராகக் கல்வெட்டில் நாம் பார்ப்பது வேறு. இந்தத் தருமத்துக்குத் தீங்கு செய்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று சாபம் இருக்கும். இங்கே சாபம் இல்லை, கும்பிடு இருக்கிறது.

“கட்டுனவனுக்குத் தெரியும்வே, எல்லாம் ஒரு நாள் இடியும்னு” என்றார் கடையத்துக்காரர்.

அந்தக் கும்பிடு வீண் போகவில்லை. ஐந்நூறு வருசம் கழித்து ஊர் கூடி நன்கொடை போட்டுக் கோபுரத்தை நிமிர்த்திவிட்டது. ஆனால் அதே கோயிலுக்கு நெல் அளந்த வயல், அந்த வயலுக்குத் தண்ணீர் கொடுத்த குளம், குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால், இவற்றை நிமிர்த்த யாரும் நன்கொடை வசூலிக்கவில்லை. கோபுரம் இடிந்தால் ஊருக்கே தெரிகிறது. கால் தூர்ந்தால் கடைமடைக்காரன் ஒருத்தனுக்குத்தான் தெரிகிறது.

இத்தாலியில் ஒரு திராட்சைத் தோட்டம்

ராத்திரி தென்காசியில் அறை எடுத்துத் தங்கினோம். ஆசிரியர் ஒரு படப் புத்தகம் கொண்டுவந்திருந்தார், தென் இத்தாலிப் பழம்பொருள் இடங்களைப் பற்றியது. அங்கேயும் வெயில் ஏறும் முன், நம் பங்குனி சித்திரைக் கணக்கில்தான் சனங்கள் இடிபாடு பார்க்கப் போகிறார்களாம்.

பாம்பே என்ற ஊர் கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. அங்கே வில்ஹெல்மினா ஜாஷெம்ஸ்கி என்ற அமெரிக்க அம்மா செய்த வேலைதான் நமக்கு முக்கியம். எல்லாரும் சுவரையும் சிலையையும் தோண்டிக்கொண்டிருந்தபோது அவர் வேரைத் தேடினார். சாம்பலுக்குள் செடியின் வேர் மக்கிப் போனால் அந்த இடம் பொந்தாக நிற்கும். அந்தப் பொந்தைச் சுத்தம் செய்து சிமெண்டுக் கலவை ஊற்றி இறுகவிட்டு எடுத்தால் வேரின் அச்சு கிடைக்கும். அச்சைப் பார்த்து என்ன மரம், எவ்வளவு இடைவெளி என்று சொல்லிவிடலாம். மாட்டுச் சந்தை என்று அதுவரை அறிஞர்கள் பெயர் வைத்திருந்த ஒரு பெரிய வெற்றிடத்தை அவர் இப்படிச் சோதித்தார். வரிசை வரிசையாக இரண்டாயிரத்துக்கும் மேல் திராட்சைக் கொடி வேர்கள். ஊருக்கு நடுவே விளைந்துகொண்டிருந்த தோட்டம் அது. 1990-களில் பழைய வேர்க்குழி இருந்த இடங்களிலேயே அங்கே மறுபடி திராட்சை நட்டு, இப்போது மதுவும் எடுக்கிறார்கள்.

இன்னும் தெற்கே பெஸ்டம். கிரேக்கர்கள் கட்டிய மூன்று பெரிய கோயில்கள் தூண் கலையாமல் நிற்கின்றன. கி.மு. 600 வாக்கில் அமைந்த ஊர் அது. பின்னால் வடிகால் கெட்டு, சுற்றியுள்ள நிலம் சதுப்பாகி, மலேரியா பரவி, சனம் மலைமேல் ஏறிப் போய்விட்டது. ஊரைப் பகைவன் இடித்துத்தான் அழியவேண்டும் என்று இல்லை, தண்ணீர் போகிற வழி அடைபட்டாலே போதும். மெட்டபொன்டம் என்ற இன்னொரு கிரேக்க ஊர் தன் வெள்ளிக் காசில் சாமி படத்துக்குச் சமமாக ஒரு வாற்கோதுமைக் கதிரைப் பொறித்திருக்கிறது. அந்த ஊர் பணக்கார ஊரானது அந்தக் கதிரால்தான். அந்தக் காசுப் படத்தை இலஞ்சிக்காரர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் பக்கமும் இதே மாதிரிச் சான்று இல்லாமல் இல்லை. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரை 1899 முதல் தோண்டிய அலெக்சாண்டர் ரீ, பானைகளில் நெல் உமியும் சிறுதானிய உமியும் இருந்ததை எழுதி வைத்திருக்கிறார். சிவகளையில் ஈமத்தாழிக்குள் கிடைத்த நெல்லைக் கரிமக் கணக்குப் பார்த்தபோது கி.மு. 1155 என்று வந்தது. 2021-இல் அரசே அதை அறிவித்தது. செத்தவனுக்கு வழிச்செலவுக்கு என்று மூவாயிரம் வருசத்துக்கு முந்தி நெல்லைத்தான் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். நம் தென்காசி மாவட்டத்திலேயே திருமலாபுரத்தில் மாநிலத் தொல்லியல் துறை அண்மையில் தோண்டித் தாழிகளைக் கண்டிருக்கிறது. மாவட்டம் பிறந்தது 2019 நவம்பரில்தான். மண்ணுக்கு வயசு வேறு.

தலையணையில் இருந்து கீழே

மறுநாள் சிற்றாற்றோடு கீழே போனோம். குற்றாலத்துப் பேரருவியில் இறங்குகிற இந்த ஆறு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. ஐந்தருவித் தண்ணீர், அழுதகண்ணி, அனுமன் நதி, கருப்பாநதி எல்லாம் வழியில் வந்து கலக்கும். ஆற்றில் வரிசையாக 17 அணைக்கட்டுகள். முதலாவதுக்குத் தலையணை என்று பெயர், நாம் தலைவைத்துப் படுக்கிறது இல்லை. ஆனாலும் கீழே உள்ள வயலெல்லாம் அதன் மேல்தான் தலைசாய்த்திருக்கிறது.

அணைக்கட்டு என்றதும் பாபநாசம் மாதிரி பெரிய மதிலை நினைக்க வேண்டாம். ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாக ஒரு கல்வரிசை, அவ்வளவுதான். அது தண்ணீரைச் சேர்த்து வைக்காது, கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். தூக்கின தண்ணீர் பக்கத்தில் இருக்கிற கால்வாய்த் தலைக்குள் திரும்பும், மீதி கல்லுக்கு மேலே வழிந்து அடுத்த ஊர் அணைக்குப் போகும். மேலே இருக்கிறவன் எவ்வளவு ஆசைப்பட்டாலும் ஆற்றையே மடக்க முடியாது. உயரத்தை அப்படி வைத்திருக்கிறார்கள். பங்குனியில் ஆறு வற்றிக் கிடக்கும்போது போனால் இந்த அமைப்பை அடிக்கல்லோடு பார்க்கலாம். காலத்துக்குக் காலம் மேலே சிமெண்டு பூசியிருக்கிறார்கள், பூச்சு உதிர்ந்த இடத்தில் பழைய கல் தெரிகிறது. நேர்கோடாக இல்லாமல் பாறை எங்கே இருக்கிறதோ அங்கே வளைத்துக்கொண்டு போயிருக்கிறான். கடையத்துக்காரர் அதன்மேல் உட்கார்ந்து, “இன்ஜினியரு படிச்சவன் கட்டல. ஆத்தப் படிச்சவன் கட்டிருக்கான்” என்றார்.

அங்கிருந்து கால்வாயோடு நடந்தால் குளம். குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்துக்கால். இப்படிச் சங்கிலி. கல் வேலை எல்லாம் அநேகமாக உயிரோடு இருக்கிறது. மடைக்கல் நிற்கிறது, மறுகால் கல் நிற்கிறது, கரைமேல் பனை நிற்கிறது. நாங்கள் நடந்த ரெண்டு கிலோமீட்டரில் கெட்டுப் போயிருந்ததெல்லாம் மண் வேலைதான். காலில் சீமைக்கருவேலம், அது அடங்கினால் பிளாஸ்டிக் குப்பை, அது அடங்கினால் யாரோ வீட்டுக்குப் போக மண் கொட்டிப் போட்ட பாதை, அதற்குக் கீழே ஒரு சின்னக் குழாய். ஆறடி அகலக் கால் அந்தக் குழாய்க்குள் எப்படி நுழையும்? குளத்துக்குள் ஆகாயத்தாமரை. கல்லைக் காப்பாற்ற ஆள் வேண்டாம், அது தானாக நிற்கும். மண் வேலைக்கு வருசா வருசம் கை வேண்டும்.

அந்தக் கைக்குத்தான் குடிமராமத்து என்று பெயர் இருந்தது. வீட்டுக்கு ஒரு ஆள், இத்தனை கோட்டை விதைப்பாட்டுக்கு இத்தனை ஆள் என்று இறங்கித் தூர் எடுப்பார்கள். வெள்ளைக்காரன் 1858-இல் இதைச் சட்டமாகப் போட்டுக் கட்டாய வேலையாக்கிப் பார்த்தான். ஊர்க்கட்டு தானாகச் செய்த வேலையைச் சட்டத்தால் செய்யவைக்க முடியவில்லை. பிறகு எல்லாம் பொதுப்பணித்துறை என்று ஆனது. தமிழ்நாடு அரசு அதே பெயரில் 2016-17 முதல் மறுபடி ஒரு திட்டம் நடத்தியது. சில குளம் நன்றாகவே ஆனது. ஆனால் ஒப்பந்தத்துக்குக் குளம்தான் வரும், வயலுக்குள் போகிற சின்ன வாய்க்கால் வராது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இலஞ்சிக்காரர் நிலத்தின் சிக்கலே இங்கேதான் இருக்கிறது. பெரிய கால்வாய் புறம்போக்கு, அது புல வரைபடத்தில் கோடாக இருக்கும். மடையில் இருந்து வயலுக்கு வயல் போகிற சின்ன வாய்க்கால் பல இடங்களில் எந்த வரைபடத்திலும் இருக்காது. பட்டா நிலத்துக்குள்ளேயே, பாட்டன் காலத்துப் பழக்கத்தில் ஓடும். இவருடைய ரெண்டு ஏக்கர் தலைமடையை ஒட்டியது. கீழே முப்பது ஏக்கருக்குத் தண்ணீர் இவர் வரப்பு ஓரமாகத்தான் போகிறது. இவர் விற்று, வாங்கியவன் செம்மண் அடித்து மேடாக்கினால் அந்த முப்பது ஏக்கரும் அடுத்த கார் பருவத்திலேயே வானம் பார்த்த பூமி. வழக்குப் போட்டால் பழக்க உரிமை என்று வாதாடலாம், ஜெயிக்கலாம். அதற்குள் ஏழெட்டு வருசம் ஆகும், கீழே இருக்கிறவனும் பிளாட்டுக்குக் கொடுத்திருப்பான். வாசகர்கள் தங்கள் ஊரில் கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தையும் ‘அ’ பதிவேட்டையும் ஒரு தடவை வாங்கிப் பாருங்கள். உங்கள் வாய்க்கால் அதில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அரை நாள் போதும்.

“நான் என் நெலத்த விக்கேன்னு நெனச்சேன் அண்ணாச்சி. ஊரு தண்ணியையும் சேத்துல்லா விக்கேன்” என்றார் அவர். யாரும் பதில் சொல்லவில்லை. கல்யாணச் செலவும் எங்கள் கண் முன்னால் நின்றது.

மானூர்த் தூண்

மத்தியானம் மானூருக்குப் போய்ச் சேர்ந்தோம். சிற்றாற்றுத் தண்ணீர் வருகிற பெரிய குளம் இங்கே இருக்கிறது. நாங்கள் போனபோது பாதிக்கு மேல் தரை தெரிந்தது, ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். நாங்கள் தேடி வந்தது குளம் இல்லை, அம்பலவாணர் கோயிலில் இருக்கும் வட்டெழுத்துக் கல்வெட்டு. மாறஞ்சடையன் என்ற பாண்டியனின் 35-ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 800-ஐ ஒட்டியது. ஊர்ச்சபை என்றால் எல்லாரும் உத்திரமேரூரைச் சொல்வார்கள். மானூர் அதைவிட நூறு வருசத்துக்கு மேல் மூத்தது. திருநெல்வேலிக்காரனுக்கே இது தெரியாது என்பதுதான் எனக்கு வருத்தம்.

எழுத்தை எங்களால் வாசிக்க முடியாது. தடவிப் பார்த்தோம், அவ்வளவுதான். உள்ளே உள்ள செய்தியை ஆசிரியர் சொன்னார். மானூர் மகாசபையார் கூடி விதி வகுக்கிறார்கள். ஊரில் நிலப்பங்கு உள்ளவர்தான் சபையில் பேசலாம். அதிலும் படித்தவராக, நடத்தை நல்லவராக இருக்க வேண்டும். விலைக்கு வாங்கின பங்கு, தானமாக வந்த பங்கு, சீதனமாக வந்த பங்கு எல்லாவற்றுக்கும் தனித்தனி விதி. கால் பங்கு, அரைப் பங்கு என்று வைத்துக்கொண்டு சபைக்கு வர முடியாது. கடைசியாக வருவதுதான் எங்களை உலுக்கியது. சபையில் எந்தக் காரியம் எடுத்தாலும் ‘கூடாது, கூடாது’ என்றே சொல்லி முடக்குகிறவனுக்கும், அவனுக்குத் துணை நிற்கிறவனுக்கும் தலைக்கு ஐந்து காசு தண்டம்.

கடையத்துக்காரர் சிரித்த சிரிப்பில் அர்ச்சகர் எட்டிப் பார்த்தார். “எங்க ஊரு சங்கத்துல இந்த தண்டத்தப் போட்டா ஒரே வருசத்துல குளத்துக்குப் புது மடை வச்சிரலாம்வே!”

இந்தச் சபையை அப்படியே தூக்கிக் கொண்டாட எனக்கு மனம் இல்லை. அது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். பங்கு இருந்தவர்கள் அவர்கள். சேற்றில் இறங்கி நட்டவர்களுக்கும், மடை திறந்து நீர் பாய்ச்சியவர்களுக்கும் அந்தச் சபையில் இடம் இல்லை. அவர்கள் பெயர் எந்தத் தூணிலும் இல்லை. பெண்கள் பெயர் சீதனம் என்ற சொல்லுக்குள் மட்டும் இருக்கிறது. இன்றைக்கு இப்படி ஒரு கூட்டம் கூட்டினால் பட்டாக்காரரோடு குத்தகைக்காரரும், நடுகைக்குப் போகிற பெண்களும், கிடை போடுகிற கோனாரும் உட்கார வேண்டும். ஆனால் ஒன்று. நிலம் வைத்திருக்கிறவன் ஊர்க் காரியத்துக்குக் கட்டுப்பட்டவன், பங்கு கை மாறினால் அது ஊரோட விசயம் என்று ஆயிரத்து இருநூறு வருசத்துக்கு முந்தி கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இலஞ்சிக்காரர் அந்தத் தூணைச் சுற்றி ரெண்டு தடவை வந்தார்.

பொழுது சாய சீவலப்பேரி. பழைய பெயர் முக்கூடல். முக்கூடற்பள்ளு பிறந்த இடம். கோயில் கல்வெட்டில் பெயர் இல்லாத பள்ளர் குடும்பம்தான் அந்த நூலின் கதையே. நெல் வகை, மாட்டு வகை, கலப்பை உறுப்பு, ஆற்றில் ஏறுகிற மீன் வகை என்று பட்டியலே இருக்கிறது. சீரகச் சம்பா, மணல்வாரி என்று அதில் வருகிற நெல்லில் எத்தனை இன்று நம் விதைப் பானையில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தோம். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு கை விரல் போதுமாக இருந்தது. ஆற்றங்கரையில் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுக் கடைசிப் பஸ்ஸைப் பிடித்தோம்.

இது நடந்து ஒரு மாதம் ஆகிறது. இலஞ்சிக்காரர் திரும்பி வந்த வாரமே தன் மடைக்குக் கீழே உழுகிறவர்களைக் கூப்பிட்டுக் கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டார். மொத்தம் பதினொரு குடும்பம், ஏழு வந்தது. அதில் ரெண்டு பெண்கள், கணவர் வெளிநாட்டில். மூன்று பேர் ஏற்கெனவே பிளாட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். ஒருத்தர் எதைச் சொன்னாலும் ‘அது நடக்காது’ என்றார். ஐந்து காசுக் கதையை அவரிடமே சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறார்கள். முடிவில் ஏக்கருக்கு இவ்வளவு என்று போட்டு, ரெண்டு நாள் ஜேசிபி வைத்து வாய்க்காலைத் தூர் எடுத்தார்கள். கரையைக் கை வேலையாகக் கட்டினார்கள். குளத்து வண்டலுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறார்கள். 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைப்பதால் மாவட்டத் தலைநகருக்கு அலைய வேண்டியதில்லை. சிட்டா, அடங்கல் நகலோடு போனால் போதும் என்றார்கள். ஏக்கருக்குப் பத்து டிராக்டர் வண்டல் போட்டுத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதாகத் திட்டம்.

நிலத்தைப் பற்றி அவர் இன்னும் முடிவாக எதுவும் சொல்லவில்லை. சித்திரை பிறந்து தவணையும் தாண்டிவிட்டது. பிளாட்டுக்காரரிடம் இன்னும் ரெண்டு மாதம் கேட்டிருப்பதாகச் சொன்னார். போன வாரம் போன் செய்து கார் பருவத்துக்குப் பூங்கார் விதை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, ரெண்டு ஏக்கருக்கும் தருகிறேன் என்றேன். “இப்போதைக்கு ஒரு ஏக்கருக்குக் குடுங்க அண்ணாச்சி” என்றார். இருபது கிலோ கட்டி வைத்திருக்கிறேன்.